குளிரில் நின்ற துடிப்பு

மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. உயிரோடிருந்த திசுவைச் செத்ததென்று எழுதி, என் மகளின் இறுதியாண்டுச் செயல்திட்டத்தைத் தோல்வியாக்கினார் தேர்வாளர். இதுவே என் முறையீடு.

மகள் எங்கள் கடைக்குட்டி. திசுப் பொறியியல் இளநிலை மாணவி. எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை இதயத் தசையாக வளர்ப்பது அவள் திட்டம். பெற்றோரும் வரலாம் என்றதால், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனாகிய நானும் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன்.

காலையில் நுண்ணோக்கியில் காட்டினாள். இளஞ்சிவப்பு நீருக்கடியில் மெல்லிய படலம் ஒன்று சுருங்கியது, விரிந்தது, மீண்டும் சுருங்கியது. உடலே இல்லாத துடிப்பு. பார்க்கப் பார்க்கச் சுவர்கள் கரைந்து, நானும் அந்நீரில் மிதப்பதுபோல் இருந்தது.

"அப்பா, மூச்சு விடுங்க," என்று சிரித்தாள்.

தேர்வாளர் வருகிறார் என்றதும், படலம் இருந்த கண்ணாடித் தட்டை, உடற்சூட்டில் அதைக் காத்துவந்த சூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைக்கச் சொன்னார்கள். அவரோ துறைத்தலைவரோடு காபியும் கதையுமாக நின்றுவிட்டார். குளிரூட்டிய அறை, மேசையோ இரும்பு. ஒருவழியாக வந்து நுண்ணோக்கியில் குனிந்தார்.

"என்னம்மா, உம்பிள்ளை தூங்குதா?"

"குளிர்ல நின்னுடுச்சு சார். கொஞ்சம் சூட்டுல வச்சா திரும்பத் துடிக்கும்."

"நின்னா நின்னதுதான். நான் என்ன தொட்டிலாட்டவா வந்திருக்கேன்?"

எழுதினார், போனார். செத்த தட்டில் பிளீச் ஊற்றிவிட வேண்டும் என்பது ஆய்வக விதி. மகள் குப்பியைத் திறந்தாள். தட்டுக்கு மேலே சாய்க்கப் போனாள்.

"ஊத்தாதே," என்றேன். "அவர் எழுதினது தாள்ல. தட்டுல இல்லை."

தட்டு மறுபடி சூட்டுப்பெட்டிக்குள் போனது. இருவரும் அதன் கதவெதிரே அமர்ந்தோம். பெட்டியின் மெல்லிய முனகலில் என் கண் சொருகியது. அறை முழுவதும் இளஞ்சிவப்பாகி, மேசைகளும் நாற்காலிகளும் மெல்லச் சுருங்கி விரிவதாகக் கனவு. மகள் தோளைத் தட்டினாள். நுண்ணோக்கியில் கண் வைத்தேன். முதலில் ஓர் ஓரம் சிலிர்த்தது. பிறகு படலம் முழுவதும், காலையில் கண்ட அதே நிதானத்தோடு, துடித்தது.

வாசலுக்கு ஓடினேன். தேர்வாளரின் வண்டி போய்விட்டிருந்தது. தோல்வி தோல்வியாகவே நிற்கிறது.

இதை வாசிக்கும் நீங்கள் நாளை ஒருவரின் உழைப்புக்குத் தீர்ப்பெழுத அமர்ந்தால், பேனாவை மூடுங்கள். தட்டைச் சூட்டில் வையுங்கள். நாற்காலியை இழுத்துப்போட்டுக் காத்திருங்கள்.