மாரீஸ்வரி ஏன் உட்காரவில்லை

1

இந்தக் கதை எனக்கு நடந்ததல்ல. சாந்தன்பாறையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்தது. அவள் கணவன் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிறான். என் கணவர் ஈஸ்வரனுக்கும் அதே வேலைதான். இந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஜீப் டிரைவர் தலையில்தான் விழும், ஆகவே சந்தேகப்பட ஒன்றுமில்லை.

முதலில் எழுதிய ஆரம்பம்: “மலையெங்கும் ஏலக்காய் மணக்க, மாரீஸ்வரி…” அடித்துவிட்டேன். வலியைப் பற்றிய கதைக்கு வாசனை போட்டு மூடப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: “குழந்தை பிறந்து பத்து மாதமாகியும் மாரீஸ்வரிக்கு அந்த இடத்தில்…” எந்த இடத்தில்? பூப்பாறை பஸ் ஸ்டாப்பிலா? பேனா அங்கேயே படுத்துவிட்டது. பல்வலி என்றால் பல் என்று எழுதுகிற கைதான். சரி, எழுதிவிடுகிறேன்: பிரசவத்தின்போது தையல் போட்ட பிறப்புறுப்பில் அவளுக்கு இன்னும் வலி இருந்தது. எழுதியாயிற்று. மலை ஒன்றும் சரியவில்லை.

2

மாரீஸ்வரி ஜீப்பில் உட்காரமாட்டாள். காய் பறிக்கப் போகும் பெண்கள் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து உட்கார, இவள் மட்டும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தையல் போட்ட இடம் விண்ணென்று தெறிக்கும்.

“ஏ புள்ள, உக்காந்தா என்ன? சீட்டுல முள்ளா இருக்கு?” என்று அவள் கணவன் முனீஸ்வரன் கேட்டான்.

“காத்து வரட்டும்னு நிக்கேன்.”

வெளியே அடைமழை. தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டியிருந்தது. (பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. அது என் குறைதான்.)

காட்டிலும் அதே கதி. ஏலச்செடி அடித்தூரில் காய்க்கும். பறிப்பவர்கள் தரையோடு தரையாக உட்கார்ந்து பறிப்பார்கள். இவள் முழங்காலில் நின்று பறித்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று கங்காணி சிரித்தான்.

முனீஸ்வரனோ டிரைவர். உலகத்தில் எந்தக் கோளாறு என்றாலும் அவன் முதலில் வண்டியைத்தான் பார்ப்பான். சீட்டுக்குப் புது மெத்தை தைத்தான். அதற்கும் அவள் உட்காரவில்லை. அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டையை மாற்றினான். அதற்கும் உட்காரவில்லை. பிறகு வண்டியை நத்தையாக உருட்ட ஆரம்பித்தான். “என்ன முனீசு, பொண்ணு மாப்பிள்ள ஊர்வலமா?” என்று பெண்கள் கேட்டார்கள்.

அவளுக்கு அவன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. கொடுமையே அதுதான். அவன் கை பட்டால் மனசு அவனிடம் போனது, உடம்பு பயந்து இறுகியது. ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனான். அவன் மனம் வெறுத்துப் போய்விட்டான், இனி நான்

[அடித்தேன். ‘இனி அவள்’ என்று திருத்திக்கொள்ளவும்.]

3

இங்கே மாமியார் மூக்கம்மாளைக் கொண்டுவந்தேன். மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு தாயி, யார்ட்டயும் சொல்லல” என்று அழ வைத்தேன். நன்றாகத்தான் அழுதாள். ஆனால் இப்படி ஒரு மாமியாரை நான் பார்த்ததில்லை, ஆசைப்பட்டு எழுதிவிட்டேன். நிஜ மூக்கம்மாள் சொன்னது: “போவப் போவச் சரியாவும்.” அந்தப் பத்தியில் அவளுக்கு அவ்வளவுதான் வசனம்.

4

முடிவுகள்.

(அ) மாரீஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். டாக்டர், “தழும்பு இறுகியிருக்கு. பயிற்சி இருக்கு, மருந்தும் இருக்கு. இத்தனை நாள் ஏன் பொறுத்தீங்க?” என்கிறார். டாக்டர் சொல்வது சரி. ஆனால் என் நடை சுகாதாரத் துறை நோட்டீஸ்போல ஆகிவிட்டது. தவிர, கணவனிடம் சொல்லாமல் போனால் வலி தீரும், முன்னறைப் பாய் அங்கேயே கிடக்கும்.

(ஆ) முனீஸ்வரன் மறுபடி ஜீப்புக்கு அடியில் கிடக்கிறான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. கால்களிடம் சொல்வது சுலபம். அவள் சொல்லிவிடுகிறாள், முழுவதும். ஸ்பானர் சத்தம் நிற்கிறது. அவன் மெல்ல ஊர்ந்து வெளியே வந்து

அதற்குமேல் வரவில்லை. அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதையே எழுதியிருக்கமாட்டேன்.

5

எழுதியவரைக்கும் ஈஸ்வரனிடம் வாசித்துக் காட்டினேன். எப்போதும் அவர்தான் முதலில் கேட்பார், பாதியில் தூங்கியும்விடுவார். இன்றைக்குத் தூங்கவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

“ஒரு எடம் தப்பா எழுதிருக்க, இந்து.”

“எதுங்க?”

“அவன் வெறுத்துப்போயிப் பாயச் சுருட்டல. பக்கத்துல படுத்தா அவ பயந்துகிட்டே கெடக்கா. அவளாவது நிம்மதியாத் தூங்கட்டும்னு போனான்.”

“அவன் மனசுல இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றார். என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்.

“மாரீஸ்வரிக்கு இன்னும் வலிக்கா?”

வாசகரே, இவ்வளவு தூரம் கூடவே வந்ததற்கு நன்றி. நான் இவரிடம் கொஞ்சம் பேசவேண்டும். நீங்கள் கிளம்புங்கள், கதவைச் சாத்திக்கொண்டு போங்கள்.