ஊசியை விற்ற வருடம்

பிஸ்கட் ஆலைப் பெண்கள் கால்பந்துக் கிளப்பின் மைதானத்தில் ஊசி என்ற ஆட்டக்காரி கோல் போட்டால், கேலரியில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் பலகையிலிருந்து ஒரு முழம் மேலே எழும்பி, ஏழு நிமிடம் அந்தரத்தில் இருந்துவிட்டு மெதுவாக இறங்குவார்கள். முதல் தடவை இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தின் இருபத்து மூன்றாவது நிமிடத்தில். அன்று வந்திருந்தவர்கள் நூற்று நாற்பது பேர். நடுவர் ஊதப் போன விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். எதிரணியோடு வந்திருந்தவர்கள் மட்டும் பலகையில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களின் செருப்புகள் தங்கள் முழங்காலுக்கு நேராக ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு நானூறு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் ஆயிரம் பேர். இரண்டு மாதத்தில் ஊருக்கு இது பழகிப்போயிற்று. தையற்காரர் பெண்களின் உடுப்பு ஓரங்களில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். தாய்மார் குழந்தைகளைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். டீக்காரர் மேலே இருப்பவர்களுக்கு மட்டும் விலையை ஏற்றிப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை, பழைய விலைக்கே இறங்கி வந்தார்.

ஊசிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. எண்ணிப் பார்க்காமலே பொட்டலத்துக்குப் பன்னிரண்டு பிஸ்கட் வைப்பாள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் அண்ணன் அண்ணியோடு இருந்தாள். அண்ணன் ஒன்பதாம் நம்பர் பஸ் டிரைவர். அண்ணிக்கு அதே ஆலையில் அடுப்புப் பிரிவில் வேலை, கிளப்பில் அவள்தான் கோல்கீப்பர். எதிரணியில் இரண்டு பேருக்கு நடுவே காற்றுக்கூட நுழையாத இடத்தில் பந்தோடு நுழைந்துவிடுவாள் என்பதால் இவளை ஊசி என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் சம்பளச் சீட்டிலும் அதுவே வந்துவிட்டது. ஊரையே தூக்கிய அவளுக்கு மட்டும் ஒருநாளும் கால் தரையை விட்டுக் கிளம்பவில்லை. கோல் போட்டதும் மேலே ஒரு தடவை பார்ப்பாள், எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்களா என்பது போல. பிறகு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி நடப்பாள்.

இந்த விஷயம் தலைநகரத்தின் பெரிய கிளப்புக்கு எட்ட ஒன்றரை வருடம் ஆனது. அவர்கள் அனுப்பிய ஆள் கறுப்புப் பையோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். எந்தப் பக்கமும் சேராதவர் என்பதால் முதல் கோலுக்கு நான்கு விரல் உயரம்தான் எழும்பினார். இரண்டாவது கோலுக்கு மற்றவர்கள் அளவுக்கே போய்விட்டார். பையைத் திறந்து, அந்தரத்திலேயே மடியில் வைத்து, காகிதத்தில் ஒரு தொகையை எழுதினார். அதைப் பார்த்த பொருளாளர் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். அந்தத் தொகைக்குக் கேலரிக்குக் கூரை போடலாம், விளக்குக் கம்பங்கள் நடலாம், உடை மாற்ற வெந்நீரோடு ஓர் அறை கட்டலாம். அதுவரை ஆட்டக்காரிகள் ஆலையின் மாவுக் கிடங்கில்தான் உடை மாற்றினார்கள். மைதானத்துக்கு வரும்போது எல்லார் தோளிலும் மாவு படிந்திருக்கும்.

விற்பதா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. முடி திருத்துகிறவரின் கடையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. விற்கச் சொல்கிறவர்கள் ஜன்னல் பக்கத்து நாற்காலியிலும் வேண்டாம் என்கிறவர்கள் சுவர்ப் பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் இடம் காலியாக இருந்தாலும் சுவர்க் கட்சிக்காரர் மணிக்கணக்கில் காத்திருந்தார். கட்டிலை நடுவே பலகை வைத்துப் பிரித்துக்கொண்ட தம்பதிகள் குறைந்தது ஆறு ஜோடி. ஒருவர் விட்டுக்கொடுத்தால் மற்றவர் உடனே கட்சி மாறி எதிர்ப்பக்கம் பேசினார். பேச்சு நிற்க வழியே இல்லை. ஆனால் யாருக்கும் கோபம் முற்றவில்லை. ஞாயிறு வந்தால் இரண்டு கட்சியும் ஒரே உயரத்தில்தான் தொங்கின.

கிளப்பின் தலைவர் ஒரு பல் டாக்டர். அறுபத்தொரு வயது. நின்றுகொண்டே வேலை பார்த்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். ஆலையின் சாப்பாட்டு அறையில் அவர் பொதுக்கூட்டம் கூட்டினார். உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். மூன்று மணி நேரம் பேசிவிட்டுச் சீட்டுப் போட்டார்கள். விற்கலாம் என்று இருநூற்றாறு, வேண்டாம் என்று இருநூற்றாறு. திரும்ப எண்ணினார்கள், அதேதான் வந்தது. தலைவரின் ஓட்டுத்தான் முடிவு என்று செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டிச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து அண்ணி எழுந்தாள்.

"ரெண்டு வாரமா விக்கலாமா வேணாமான்னு மண்டையை உடைச்சுக்கறீங்களே, அவ என்ன பிஸ்கட் டப்பாவா? ஒருத்தராவது அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். ஊசி கதவோரம், வேலை உடுப்போடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கேக்கல," என்றார் டாக்டர். "தப்புதான். நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

ஊசி கட்டியிருந்த கையை இறக்கினாள். "இங்க என்னைத் தடுக்க ஆளே இல்ல சார். தடுக்கிற ஆளு இருக்கற இடத்துல நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "ஆனா நீங்கல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் எப்படிப் போவேன்? சிரிச்சு அனுப்புனா போறேன். இல்லன்னா இங்கயே இருக்கேன், பரவால்ல."

டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்து நிற்க எப்போதும் கொஞ்சம் நேரமாகும். "எனக்கு முட்டி வலி இருபது வருஷமா இருக்கு. வாரத்துல அந்த ஏழு நிமிஷம் மட்டும்தான் அது என்னை விட்டுப் போகுது. அதனால என் மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதை இன்னிக்கு நான் கேக்கப் போறதில்ல." சீட்டை எடுத்து எழுதினார். "போம்மா. போய் ஒரு கை பாரு."

முதலில் சிரித்தது சுவர்க் கட்சியின் தலைவர், முடி திருத்துகிறவரேதான். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு மொத்த அறையும் சிரித்தது. ஊசி சொன்ன நிபந்தனை நிறைவேறியதாகச் செயலாளர் குறிப்பேட்டில் எழுதி, நேரமும் போட்டார்.

ரயில் நிலையத்துக்கு ஒன்பதாம் நம்பர் பஸ்ஸிலேயே அவளைக் கொண்டுபோய் விட்டார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டியதில் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டான். இறங்க வேண்டியவர்கள் மூன்றாவதில் இறங்கித் திரும்பி நடந்தார்கள். அடுத்த ஞாயிறு கிளப் ஒரு கோலும் போடாமல் ஆட்டத்தைச் சமன் செய்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஜனங்கள் தொண்ணூறு நிமிடமும் பலகையில் உட்கார்ந்தே இருந்தார்கள். பலகை இவ்வளவு கடினமா என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு உள்ளூரில் ஆட்டம் இல்லை. பிற்பகல் நான்கு பத்துக்கு ஊர் ஜனம் முழுவதும் எழும்பியது. முடி திருத்துகிறவர் கத்தரிக்கோலோடும், நாற்காலியில் இருந்தவர் தலை நுரையோடும், ஒரே உயரத்துக்குப் போனார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடி மார்பளவுக்கு வந்தது. அண்ணன் நல்லவேளை டிப்போவில் நின்ற பஸ்ஸில் இருந்தான். தலை கூரையில் இடித்தது, அவ்வளவுதான். டாக்டர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காலை இரண்டு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை எட்டாத தொட்டிகளுக்கெல்லாம் ஊற்றினார்.

மாலையில் ஊசி போன் செய்தாள். "அண்ணி, ரெண்டு வாரம் ஒருத்தி என்னைப் பயிற்சியில நகரவே விடல! ஆறடி இருப்பா. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா! இன்னிக்கு நாலு பத்துக்கு ஒண்ணு போட்டேன்."

"தெரியும்டி," என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் மண்டைக்கு ஐஸ் வெச்சுட்டு இருக்கேன்."

தலைநகரத்தில் யாரும் எழும்பவில்லை. பெரிய கிளப் இதுபற்றி ஒரு புகார்க் கடிதம் எழுதியது. ஒப்பந்தத்தில் முழம், சாண் பற்றி எந்த வரியும் இல்லை என்றும், ஆட்டக்காரி நல்லபடியாக வந்து சேர்ந்தாரா, நன்றாகச் சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் தெரிவிக்கும்படியும் டாக்டர் பதில் போட்டார். இரண்டாவது கடிதம் வரவில்லை. அதற்குள் அவள் பதினோரு கோல் போட்டிருந்தாள்.

கூரை வந்தது, விளக்குகள் வந்தன, வெந்நீர் அறையும் வந்தது. கிளப் சில வருடம் தோற்றது, சில வருடம் ஜெயித்தது. ஞாயிறு பிற்பகலில் பஸ்களை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும் என்று டிப்போ உத்தரவு போட்டது. பள்ளிக்கூடத் தேர்வுகளில் தேவைப்பட்டால் ஏழு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். நான்காம் வருடம் ஊசி நாட்டு அணிக்குப் போனாள். கடல் கடந்து ஆடியதால் கோல்கள் கண்ட நேரத்தில் வந்தன. காலைச் சாப்பாட்டின்போது, நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கும்போது, ஒரு தடவை வங்கியில் வரிசையில் நிற்கும்போது. வரிசை கலையவில்லை.

அந்த வருடம் ஒரு புதன்கிழமை காலை, ஆலைக்குப் புதிதாக வந்த மெக்கானிக் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க டாக்டரிடம் வந்தார். ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்த மாதம் ஊசியிடமிருந்து ஒரு கோலும் வரவில்லை. டாக்டர் இடுக்கியைப் பல்லில் பொருத்தப் போன நேரத்தில் நாற்காலி கீழே நின்றுவிட்டது. இரண்டு பேரும் மேலே போனார்கள்.

மெக்கானிக் கண்ணை அகல விரித்தார். "டாக்டர், நாம மேல போறோம்."

"ஆமா, கோல்."

"யாரு போட்டது?"

"நம்ம பொண்ணு," என்றார் டாக்டர். "வாயை நல்லாத் திறங்க. இந்த உயரத்துல வெளிச்சம் நல்லா விழுது."