மச்சினன் வைத்த மிச்சம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மண்டைக்குள் ஒரு யோசனை புகுந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுவதைத் தவிர வீட்டில் யாருக்கும் வேறு வழியில்லை. இந்தத் தடவை புகுந்தது, தன்னுடைய பழைய குட்டிக் காரைச் சாப்பாட்டு மிச்சத்தில் ஓட்டிக் காட்டுவது என்ற யோசனை.

இரண்டு மாத விடுமுறை நாட்கள் கார் ஷெட்டிலேயே கழிந்தன. மூலையில் ஒரு பெரிய டிரம்மை நிறுத்தி, சாணிக் கரைசலை ஊற்றி, காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே போடும் மிச்சம் மீதி அழுகினால் வாயு வரும். அது காரின் கூரையில் கட்டியிருந்த மெத்தை அளவு ரப்பர் பையில் போய்ச் சேரும். பையிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்கு. இனி எதற்கு என்று பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்.

எல்லாம் தயார். மிச்சம்தான் இல்லை.

காரணம், மச்சினன். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மனைவியின் தம்பிக்கு அது எட்டாவது மாதம். அவன் சாப்பிட்டு எழுந்தால் பாத்திரத்தைக் கழுவாமலே அடுக்கிவிடலாம். ரப்பர் பை நனைந்த துண்டு மாதிரி கார்மேல் கிடந்தது.

மெக்கானிக் மனைவியிடம் போய்த் தயங்கி நின்றார். "கொஞ்ச நாளைக்குச் சுமாரா சமைக்க முடியுமா?"

"இருபது வருஷமா அப்படித்தான் சமைக்கிறேன்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?"

இருந்தாலும் மறுநாள் அவள் உப்பை இரண்டு தடவை போட்டு, அடிப்பிடிக்க விட்டு இறக்கினாள். மெக்கானிக்கால் ஒரு வாய்க்குமேல் முடியவில்லை. தம்பி அவர் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இன்னைக்குக் கை மணக்குதுக்கா."

அந்த வாரமே அவனுக்கு வெளியூர் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்துக் கடிதம் வந்தது. இருபது நாளில் போய்ச் சேர வேண்டும். மெக்கானிக்குக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்தது போலிருந்தது. பஸ் நிலையம் வரை நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

"எதுக்கு மாமா, டாக்ஸியில போயிடறேன்."

"ஷெட்ல கார் நிக்கும்போது டாக்ஸியா? இங்க பாரு மாப்ள, நீ போகணும்னா வண்டி ஓடணும். வண்டி ஓடணும்னா நீ மிச்சம் வைக்கணும்."

மச்சினன் இதை வெகுநேரம் யோசித்தான். அன்று ஒரே ஒரு வாய் மிச்சம் வைத்தான். கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். நான்காம் நாள் கால் தட்டு வைத்தான். பத்தாம் நாள் பாதித் தட்டோடு எழுந்து, தானே ஷெட்டுக்குப் போய் டிரம்முக்குள் கொட்டிவிட்டு, அதில் காதை வைத்துக் கேட்டான்.

"புளிப்பு அதுக்கு ஒத்துக்கலை மாமா. வயிறு கடமுடாங்குது. ரெண்டு நாளைக்குப் பத்தியமா போடுவோம்."

பை உப்பியது. மச்சினன் வற்றினான். போக வேண்டிய நாளன்று காலையில் கார், தன்னைவிடப் பெரிய தலையணையைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்கியது. ஆறு கிலோமீட்டர். மெக்கானிக் ராஜா மாதிரி ஓட்டினார். பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

மச்சினன் பெட்டியோடு இறங்கி, ரப்பர் பையைத் தட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"மாமா, பாதிக்குமேல காலி. திரும்பிப் போற வழி வேற மேடு."

"நான் பாத்துக்கறேன், நீ ஏறு."

"நடுவுல நின்னா? தனி ஆளா எப்படித் தள்ளுவீங்க?"

"ஏறுடா" என்றார் மெக்கானிக். கெஞ்சுகிற குரலில்தான் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி ஒருவன் கவலைப்படுகிறான் என்று நினைத்ததும் மெக்கானிக் அவன் தோளில் கை போட்டார். கையை எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது.

மேட்டின் அடியில் வண்டி நின்றது. மச்சினன் நாலு அடி தள்ளினான், கண் இருட்டிக் குத்துக்கல்லில் உட்கார்ந்துவிட்டான். பத்து நாள் அரை வயிறு. கடைசியில் அவன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மெக்கானிக் பின்னாலிருந்து தள்ளினார்.

வாசலில் நின்ற மனைவி முதலில் தம்பியைப் பார்த்தாள். பிறகு பெட்டியை. பிறகு வண்டியின் பின்னால் வேர்த்து விறுவிறுத்து நின்ற புருஷனை. உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய பாத்திரமாகப் பார்த்து அடுப்பில் ஏற்றினாள்.