காந்தம் ஒட்டாத செடி

கர்த்தர் மேல் ஆணை, கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால் என் பல்செட் நாளைக் காலை தண்ணி கிளாஸிலேயே கரைந்துபோகட்டும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. மணவாள நகரில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் தரை. என் நாற்காலி கிடப்பது அங்கேதான். அதற்குச் சிமெண்ட் போட்டு என் மகன் ஜோஷ்வாவின் பைக்கை நிறுத்துவது என்று மருமகள் ஹெலன் முடிவு கட்டிவிட்டாள்.

"என் நாற்காலி?"

"ஹால்ல போட்டுக்கலாம் மாமா. டிவி பக்கத்துல."

ஹெலன் பார்க்கும் சீரியலில் போன ஈஸ்டருக்குத் தொடங்கிய கல்யாணத்தில் இன்னும் தாலி கட்டியபாடில்லை. அந்த மாப்பிள்ளையோடு என் மிச்ச ஆயுசைக் கழிக்க எனக்கு இஷ்டமில்லை.

கொத்தனார் பாக்கியராஜ் வந்து கலவையும் போட்டுவிட்டார். நாற்காலியைத் தூக்கப் போனபோதுதான் பார்த்தேன்: அதன் காலை ஒட்டி ஒரு செடி. முழங்கால் உயரம். இலை ஓரமெல்லாம் ரம்பப் பல். தண்டு நெடுக சின்னச் சின்னப் பச்சைக் கிண்ணங்கள்.

"நிறுத்துப்பா! இது மருந்துச் செடி!"

"களை மாமா, அது."

"பேரு இன்னா, சொல்லு பார்ப்போம். பேரே தெரியாத ஒண்ண எப்டிம்மா களைன்னு சொல்லுவ?"

"பேரே தெரியாத ஒண்ண நீங்க மட்டும் மருந்துன்னு சொல்லலாமா?"

நியாயமான கேள்விதான். நான் காக்களூரில் ஸ்பிரிங் கம்பெனியில் காலம் தள்ளியவன். எனக்கு அடையாளம் தெரிந்த இலை வாழையிலையும் வெற்றிலையும். ஹெலன் வளர்ந்தது கம்பெனி குவார்ட்டர்ஸில். அங்கே செடிகளுக்குப் பெயின்ட் அடித்த தொட்டி உண்டு, பேர் கிடையாது.

"பேரு வெக்கிற விசேஷத்தை சீக்கிரம் முடிங்க, கலவை இறுகுது" என்றார் பாக்கியராஜ்.

ஒப்பந்தம் போட்டோம். மருந்துச் செடி என்றால் மண்ணும் நாற்காலியும் என் பங்கு. களை என்றால் உடனே சிமெண்ட்.

ஹெலன் போனை எடுத்து செடியைப் படம் பிடித்தாள். போன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னது. அவள் உரக்கப் படித்தாள்: "இந்தியன் காப்பர்லீஃப்."

தெருவில் போய்க்கொண்டிருந்த மூணு சக்கர மீன்பாடி வண்டி கிறீச்சென்று நின்றது. பழைய இரும்புக் கடை குணா!

"இன்னா நைனா, காப்பரா?"

"இலையில இருக்குதாம்" என்றேன். போன் சொன்னதைத்தான் சொன்னேன்.

குணா கயிற்றில் கட்டிய காந்தத்தோடு குதித்து வந்தான். இலையில் வைத்தான். ஒட்டவில்லை. தண்டில் வைத்தான். ஒட்டவில்லை. கண் விரிந்துவிட்டது.

"ஒட்டலை! இரும்பே இல்ல நைனா, சுத்தக் காப்பரு!"

காக்களூரில் ஷிப்ட் விட்டு வந்துகொண்டிருந்த கும்பல் அப்படியே எங்கள் கேட்டுக்குள் திரும்பியது. ஒருத்தன் டெஸ்டரை இலையில் குத்தி "லைட்டா எரியுதுடா!" என்று கத்தினான். இன்னொருத்தன் வேர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவும் வயர் என்றான். குணா பாக்கியராஜின் கரணையைப் பிடுங்கி வேரைத் தோண்டினான். பொட்டென்று ஒரு வேர் அறுந்தது.

அப்போதுதான் பூனைகள் வந்தன.

முதலில் எங்கள் தெருக் கறுப்பன். வேரை மோந்தான், மல்லாக்க விழுந்தான், கண் சொக்கினான். பின்னாலேயே வால் நுனியில் கிரீஸோடு காக்களூர்ப் பூனைகள். அதற்கப்புறம் வந்தவை பொன்னேரிப் பூனைகள். மீசையில் நெல்லுமி ஒட்டியிருந்ததால் கண்டுபிடித்தேன். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்திருக்கின்றன. வந்த பூனை ஒவ்வொன்றும் தாடையைத் தரையில் வைத்து, செடியைப் பார்த்துக் குப்புறப் படுத்தது. எங்கள் சபையில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் கண்டதில்லை.

தன் பூனையைத் தேடி எதிர்வீட்டுக் கங்கம்மா ஓடிவந்தாள்.

"ஐய! இன்னா சாம்சண்ணே, பூனைவணங்கிய தோண்டி வெச்சிக்கினு வேடிக்கை பாக்கிறீங்க?"

"பேரு வந்துருச்சு!" நான் குதித்தேன். "வணங்கி! கேட்டியா ஹெலன்? களையை யாராவது வணங்குவாங்களா?"

"குப்பைமேனின்னும் சொல்லுவாங்க" என்று கங்கம்மா முடித்தாள். அவளை யார் முடிக்கச் சொன்னது?

"குப்பை!" ஹெலன் கை தட்டினாள். "பேர்லயே குப்பை! ஊத்துங்கண்ணா!"

"மேனியும் இருக்குது! சொறி சிரங்குக்கு அரைச்சுப் பூசுவாங்களா இல்லியா, சொல்லு கங்கம்மா!"

"பூசுவாங்க."

"அதுக்கு ஆயின்ட்மென்ட் இருக்குது மாமா!"

பாக்கியராஜ் கலவைச் சட்டியைத் தூக்கினார். பூனைகள் அசையவில்லை. "சூ" என்றார். எல்லாப் பூனைகளும் ஒரே சமயத்தில் தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தன. அந்தப் பார்வையை அவர் மாமியார் வீட்டில்கூடப் பார்த்ததில்லையாம். தூக்கிய சட்டி தூக்கியபடியே நிற்க, கலவை அதற்குள்ளேயே பாறையாக இறுகிப்போயிற்று.

குணா அதற்கும் காந்தம் வைத்துப் பார்த்தான். ஒட்டியது. சட்டி இரும்பு. "இதையாவது எடை போடலாமாண்ணா?" என்றான்.

ஹெலன் செடியைப் பார்த்தாள், பூனைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி மாமா, மருந்தே. மண்ணும் இருக்கட்டும், நாற்காலியும் இருக்கட்டும். இந்தப் பேஜாரு புடிச்ச பூனைங்கள மட்டும் ஊட்டுக்கு அனுப்புங்க."

எங்கள் வீட்டு முன்னால் கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் சிமெண்ட் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கு ராத்திரி பல்செட்டைக் கழற்றாமலேயே தூங்கலாம் என்றிருக்கிறேன்.