அப்பா கேட்ட சைகை

எங்கள் சபையில் ஒலிபெருக்கியைக் கவனிப்பது நான். கடைசி வரிசைக்கும் பின்னால் என் மேஜை. மேடையில் நின்று பிரசங்கிக்கும் அப்பாவுக்கு மட்டும்தான் என் முகம் தெரியும். மற்ற எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவின் நண்பர் ஒருவர், நல்ல பிரசங்கியார், தலைக்கனம் ஏறித் தன் சபையையே இரண்டாக உடைத்துவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா சமையலறைக்கு வந்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு. நான் ஆண்டவரை விட்டுட்டு என்னைப் பத்தியே பேச ஆரம்பிச்சா, நீ கையைத் தூக்கிக் காட்டு."

"நானா?"

"உனக்குத்தான் ஐஸ் வைக்கத் தெரியாது."

முதல்முறை தூக்கியபோது கை தோளுக்கு மேல் போகவில்லை. அப்பா பேச்சை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். விட்ட வசனத்துக்குத் திரும்பினார். வீட்டுக்கு வந்து "தேங்க்ஸ்மா" என்றபோது முகம் வெளிறியிருந்தது. உண்மையாகவே பயந்திருந்தார். அந்தப் பயத்துக்காக அவரை எனக்கு இன்னும் பிடித்தது.

சில மாதங்கள் அப்படியே போயின. ஒரு ஞாயிறு நான் கையைத் தூக்கியதும் அப்பா சிரித்துவிட்டார்.

"பின்னால திரும்பிப் பாருங்க. என் மக கையைத் தூக்குறா. எனக்குப் பெருமை வந்தாத் தடுக்கச் சொல்லி நானே வெச்ச காவல் அது."

சபை முழுவதும் திரும்பியது. பிறகு கைதட்டியது. நான் குனிந்து, மேஜைக்கடியில் இல்லாத ஒயரைத் தேடினேன்.

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் அப்பாவிடம் வந்தார். "என் வீட்டுக்காரி தினமும் ரெண்டு கையையும் தூக்குறா பாஸ்டர். அதுக்கு யாரும் ஆமென் சொல்றதில்லையே."

அப்பா குலுங்கிச் சிரித்தார். "இந்தக் காலத்துல எந்த ஊழியக்காரர் இப்படித் தன்னைத் தாழ்த்துறாரு" என்று ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் நான் தூக்கினால் கைதட்டல்தான். அப்பாவும் அதற்கு இடம் விட்டுப் பேசப் பழகிக்கொண்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "அந்த மனுஷன் இன்னொருத்தர் சொல்லிக் கேக்குறதே பெரிசு. அதையும் குத்தம் சொல்லாத" என்றாள்.

கடைசியில் அப்பாவிடமே சொன்னேன். "அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்ததுப்பா. இப்ப வேலியே பயிரை மேயுது."

அவர் கையிலிருந்த வேதாகமத்தை மூடி வைத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இதையும் சேர்த்துச் சொல்லணும்" என்றார். "அடுத்த மாசம் ஊழியர் கூட்டத்துல தாழ்மையைப் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. நீ முன்வரிசையில உக்காரு."

அரங்கு நிறைய போதகர்கள், அவர்கள் குடும்பங்கள். அப்பா தாழ்மையில் தொடங்கினார். மெல்ல மெல்ல, தான் ஜெபித்ததும் எழுந்து நடந்த நோயாளிகளுக்கும், தான் வேண்டாமென்று உதறிய பதவிகளுக்கும் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். தூக்கினால் என்ன நடக்கும் என்று தெரியும்.

இன்னொரு பதவியை உதறினார். மறுபடி பார்த்தார். தண்ணீர் குடித்துக் காத்திருந்தார்.

"தூக்கேன்டி" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா, உதடு அசையாமல்.

"பாத்தீங்களா" என்றார் அப்பா. "இன்னைக்கு என் மக கையைத் தூக்கல." குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு இல்லை. "ஆண்டவர் என்னை அந்த அளவுக்கு உடைச்சிருக்கார். அவருக்கே மகிமை."

அப்போதுதான் தூக்கினேன். முழங்கை நிமிர்ந்து, தலைக்கு மேலே.

அரங்கு அல்லேலூயா என்று எழுந்து நின்றது. அம்மாவின் கைகள் உயர்ந்திருந்தன. பின்னாலும் பக்கத்திலும் எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன. அப்பா தன் கைகளையும் உயர்த்தி, கண்களை மூடியிருந்தார். நான் கையை இறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாற்காலிக்காரர் என் கையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஸ்தோத்திரம், சிஸ்டர்."