லண்டன் கொக்கத்தடி

ஜெயந்தினிக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சாதாரண நாளிலேயே ஓர் இடத்தில் குந்துகிற பிறவி அல்ல அவள். அன்று அடுப்படிக்கும் கேற்றுக்கும் நடந்த நடையைச் சேர்த்தால் அச்சுவேலியிலிருந்து காங்கேசன்துறைக்குக் கால்நடையாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி புதிதாக ஒரு மூன்று மாடி விடுதி எழும்பியிருந்தது. இந்தியாவிலிருந்து கப்பல் மத்தியானம் வரும். அதில் வருகிறவர்கள்தான் விடுதிக்கு முதல் ஆட்கள். அதற்குள் உப்புப் படிந்து மங்கிப்போன முன்பக்கக் கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். இருந்தால் மாதாமாதம் அந்த வேலை அவளுக்கும் புருஷன் றூபனுக்கும்தான்.

வேலைக்கு அவள் பயந்தவள் அல்ல. உலகத்தில் ஒரே ஒரு சாமானுக்குத்தான் அவள் பயம்: ஏணி. வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துத் திரிந்த றூபன் மூன்று வருடத்துக்கு முன் நெல்லியடியில் ஓர் ஏணியிலிருந்து விழுந்தான். இப்போது இடது காலுக்குள் தகடு இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வேதப்புத்தகத்தில் அவன் கையை எடுத்து வைத்து, இனி ஏணியில் கால் வைப்பதில்லை என்று சொல்லச் சொல்லித்தான் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

அதற்குப் பிறகு லண்டனிலிருக்கும் றூபனின் தம்பி றோகான் அனுப்பியதுதான் அந்தத் தடி. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து அலுமினியக் குழாய்கள். இழுத்து நீட்டி, பொருத்துக்குப் பொருத்து இருக்கிற கிளிப்பை அழுத்தினால் மூன்றாம் மாடி வரை எட்டும். நுனியில் தூரிகை, அதற்குத் தண்ணீர் கொண்டு போக ஒரு ரியூப். நிலத்தில் நின்றபடியே வேலை முடிந்துவிடும். மரத்தில் காய் பறிக்கிற கொக்கத்தடி மாதிரி இருக்கிறதென்று ஊரார் அதற்கு லண்டன் கொக்கத்தடி என்று பெயர் வைத்து, "அங்கையும் முருங்கைக்காய் பிடுங்குகினமோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அந்தத் தடியைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயந்தினி மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வாள்.

அந்தத் தடிதான் முந்தின நாள் பின்னேரம் கிரீச் கிரீச் என்று அழுதது. உப்புக் காற்றில் குழாய்களில் வெள்ளையாய்ப் பூத்து, இழுக்க இழுக்க இறுகியது.

"எண்ணெய் விடுங்கோவன்," என்றாள் ஜெயந்தினி.

"எண்ணெய் கூடாதப்பா. கழுவி, ஈரமில்லாமல் துடைச்சால் போதும் எண்டு றோகான் சொன்னவன். நீர் உதிலை கை வைக்காதையும்."

"பிறந்ததிலை இருந்து உப்புக் காத்துக்குள்ளை சீவிக்கிற எனக்கு, லண்டனிலை இருந்து சொல்லித் தருகினமோ?"

அவளும் என்னதான் செய்வாள்? கடல் சுற்றி நிற்கிற இந்த மண்ணில் எண்ணெய் காணாத எதுவும் உருப்பட்டதில்லை. கிணற்றுக் கப்பி, சைக்கிள் செயின், பூட்டு, கேற்றுப் பிணைச்சல், தையல் மெசின் எல்லாவற்றுக்கும் மாதம் ஒரு தரம் விட்டே பழகிய கை அது. றூபன் தடியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போன நேரம் மெசின் எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஐந்து குழாய்க்கும் கிளிப்புகளுக்குள்ளும் சொட்டுச் சொட்டாக விட்டு, இழுத்து மூடிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆளுக்கு ஒரே பெருமை.

காலையில் றூபனுக்கும் பெருமைதான். "பாத்தீரே, துடைச்சது காணும். என்ன மாதிரி ஓடுது!" என்றான். அவள் அவசரமாகக் கேற்றடிக்கு நடந்தாள்.

கிணற்றுத் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விடும் என்று விடுதிக்கு இரண்டு கலனில் மழைத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள். கீழ்மாடியும் நடுமாடியும் தடியை அதிகம் நீட்டாமலே பத்தரைக்குள் முடிந்தன. மேல்மாடிக்குத் தடியை முழுதாக நீட்டி, தூரிகையை யன்னலில் வைத்து அழுத்தினான் றூபன். தடி சர்ரென்று தனக்குள்ளேயே இறங்கி, கையடியில் வந்து டக்கென்று நின்றது. விரல் மயிரிழையில் தப்பியது.

திரும்ப நீட்டினான். திரும்ப இறங்கியது. திருப்புளியால் கிளிப்பின் ஆணியை இறுக்கினான். அப்போதும் வழுக்கியது. கிளிப் பிடிப்பதற்குக் காய்ந்த உலோகம் வேண்டும். அங்கே எண்ணெய் அல்லவா பூசிக் கிடக்கிறது!

ஜெயந்தினிக்கு அது இரண்டாம் தரமே விளங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சொல்லலாம் என்று வாயெடுக்க, விடுதிப் பொறுப்பாளர் கிறிஸ்துநாயகம் மணிக்கூட்டைப் பார்த்தபடி வந்து நின்றார். "பொம்பிளையை வைச்சுக்கொண்டு உயர வேலை செய்யலாமோ?" என்று காலையிலேயே கேட்ட மனுஷன். அவருக்கு முன்னால், நான்தான் பழுதாக்கினேன் என்று எப்படிச் சொல்வது? அவள் கலனைத் தூக்கி அங்கே வைத்தாள், இங்கே வைத்தாள். துணியைப் பிழிந்தாள், பிழிந்த துணியையே திரும்பவும் பிழிந்தாள்.

"என்ன தம்பி, தடி சரிவராதோ?" என்றார் கிறிஸ்துநாயகம்.

"கிளிப் தேஞ்சு போச்சுப் போலை ஐயா."

"பின்னுக்கு ஏணி நிக்குது. ஒருக்கா ஏறினால் முடிஞ்சுது. இல்லாட்டிச் சொல்லும், நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

றூபன் ஜெயந்தினியைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏற முடியாது என்று அவனுக்குத் தெரியும். "எடுங்கோ ஐயா," என்றான்.

இரண்டு பேர் ஏணியைக் கொண்டு வந்து சுவரில் சாத்தினார்கள். றூபன் ஒரு படி ஏறினான். இரண்டு. மூன்று. நான்காம் படியில் அவன் தகடு வைத்த காலைத் தூக்கி வைத்து நின்றான். அந்தக் கால் நடுங்குவது கீழே நின்ற அவளுக்குத் தெரிந்தது.

"இறங்குங்கோ!" என்று கத்தினாள். மதிலில் இருந்த காகங்கள்கூடப் பறந்தன. "தடியிலை ஒரு பிழையுமில்லை. நான்தான் நேத்து எண்ணெய் விட்டனான். நீங்கள் வேண்டாம் எண்டு சொன்ன பிறகும் விட்டனான். ஐயா, பிழை என்னிலை. வேலை போனால் போகட்டும், இந்த மனுசன் ஏணியிலை ஏற வேண்டாம்!"

கிறிஸ்துநாயகம் அவளையும் தடியையும் மாறி மாறிப் பார்த்தார். றூபன் ஒவ்வொரு படியாக, மெல்ல மெல்ல இறங்கி வந்தான். ஏச்சு விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்தாள்.

"ஐயா, ஒரு மணித்தியாலம் தாருங்கோ," என்றான் றூபன். "எண்ணெய்தானே, கழுவினால் போகும்."

"அரை மணித்தியாலம்," என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

ஐந்து குழாயையும் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டார்கள். கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுக்க இழுக்கக் கறுப்பாய் வந்தது. எண்ணெயில் ஒட்டிய கடற்கரை மணலும் கூடவே வந்தது. காய்ந்த துணியால் கிளிப்பு கிளிப்பாகத் துடைத்தார்கள். பூட்டி நீட்டியபோது தடி பழையபடி கிரீச்சென்று அழுதது, ஆனால் நின்றது. கடைசி யன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கையில் கடலில் கப்பல் தெரிந்தது.

றூபன் தூரிகையை இறக்கி, அவள் பக்கம் திரும்பாமலே தடியை மடக்கினான். அது அவளைக் கொன்றது.

"ஏசிறதெண்டால் ஏசித் துலையுங்கோவன்!"

அவன் கிறிஸ்துநாயகம் உள்ளே போன வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நாலாம் படியிலை என்ரை கால் நிண்டுட்டுது, ஜெயந்தி. ஏறவும் ஏலேல்லை. அந்த மனுசன் பாத்துக்கொண்டு நிக்க, பயத்திலை இறங்கவும் வெக்கமாய்க் கிடந்தது. என்ன சாட்டுச் சொல்லி இறங்கிறதெண்டு தெரியாமல் நிண்டனான்." தடியைத் துணியால் ஒரு இழுப்புத் துடைத்தான். "நல்ல காலம், எண்ணெய் விட்டனீர்."

அன்று விடிந்ததிலிருந்து ஓர் இடத்தில் நிற்காத ஜெயந்தினி, கவிழ்த்து வைத்த கலன் மேல் தொப்பென்று இருந்தாள். கப்பல் கரை தொடும்வரை எழும்பவேயில்லை.