மேனேஜரின் இருமல்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. கட்டட வரைபடம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காதுதான் பாவம், ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. வாராவாரம் கம்ப்யூட்டரில் நடக்கும் கூட்டங்களில் அவளுக்குத் துணை, மற்றவர்கள் பேசப் பேசத் திரையில் ஓடும் எழுத்துகள்தான். அதைப் போட்டுக்கொடுத்த புண்ணியவான் மேனேஜர். அவரே வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னென்னவோ தட்டிச் சரிசெய்தார். நடுநடுவே நட்சத்திரக் குறியாக வருகிறதே என்று அவள் கேட்டதற்கு, ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். தனக்குத் தீராத இருமலாம். இருமினால் எப்படி எழுதுவது என்று தெரியாமல் மெஷின் நட்சத்திரம் போட்டுவிடுமாம்.

அன்றிலிருந்து அந்த மனுஷனின் நெஞ்சை நினைத்து அவள் பட்ட கவலை கொஞ்சநஞ்சமல்ல. மருந்துக் கடையில் விசாரித்து இருமல் மிட்டாய் டப்பா வாங்கிக் கொடுத்தாள். தீரத் தீர வாங்கிக் கொடுத்தாள். டப்பாவை நீட்டும்போதெல்லாம் சுற்றியிருந்தவர்கள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். பாசக்காரப் பிள்ளைகள் என்று நினைத்து இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இன்றைய கூட்டத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேடம் வருகிறார். மேனேஜரைக் கிளைத் தலைவராக்கலாமா என்று பார்க்கிறார்கள். காது கேளாத ஊழியரை அவர் எப்படி நடத்துகிறார் என்பதை அக்காவின் வாயாலேயே கேட்க வேண்டுமாம். அவள் நாலு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் பதவி அவருக்குத்தான். சொல்லாமல் இருப்பாளா என்ன? என்ன பேசுவது என்று நேற்றே யோசித்து வைத்துவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அலுவலகக் கம்ப்யூட்டர் முன் முன்கூட்டியே உட்கார்ந்தாள். எழுத்து ஓடும் பட்டை எப்போதும் வரைபடத்தின் அடியில், சரியாக அளவுகளின் மேலேயே படுத்துக்கிடக்கும். இன்று அதைத் திரையின் உச்சிக்கு ஏற்றினாள். பொடிப்பொடி எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பின் மேல் மஞ்சளாக மாற்றினாள். அதே பக்கத்தில், கீழே, இதுவரை கண்ணில் படாத ஒரு வரி இருந்தது: தகாத சொற்களை நட்சத்திரக் குறியால் மறைக்கவும். அது போட்டபடி இருந்தது.

அட மட மெஷினே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நோயாளி இருமுவதைப் போய்க் கெட்ட வார்த்தையாக்கி வைத்திருக்கிறதே! மனுஷனுக்கு வீண் கெட்ட பெயர் எதற்கு என்று அதை அணைத்தாள்.

கூட்டம் தொடங்கியது. பெரிய மேடம் இன்னும் வரவில்லை. கட்டங்கட்டமாகத் தெரிந்த முகங்களின் நடுவிலிருந்து மேனேஜர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலேயே ஏதோ சொன்னார்.

"முண்டம் சிரிக்குது பாரு."

அவளே பெரிதாக்கிய எழுத்து, அவளே பூசிய மஞ்சள். அடுத்து ஓடியது அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. அதற்கும் அடுத்தது அவளைப் பெற்றவளையும் சேர்த்து இழுத்தது. இதுவும் மெஷினின் கோளாறுதான் என்று ஒரு கணம் நம்பப் பார்த்தாள். ஆனால் நட்சத்திரம் வழக்கமாக எங்கெங்கே விழும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதே இடம், அதே சிரிப்பு. லீவு போட்டபோதெல்லாம் தன் வேலையை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனானே ஒருவன், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சீ! இத்தனை நாளும் இந்தச் சாக்கடைக்கா தலையாட்டினாள்? இந்தக் கையாலா அவனுக்கு மிட்டாய் நீட்டினாள்? உள்ளங்கையைத் துணியில் துடைத்தாள். துடைத்தும் போதவில்லை.

பெரிய மேடத்தின் முகம் திரையில் வந்ததும் மேனேஜர் குழைந்தான்.

"இவங்க எங்க அக்கா மேடம். கூடப் பொறந்தவங்க மாதிரி பாத்துக்கறோம்."

வசவைவிட இதுதான் அவளுக்கு அதிகம் அருவருத்தது. பேசச் சொன்னார்கள். யோசித்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட அவள் பேசவில்லை. தன் திரையை எல்லோரும் பார்க்கும்படி பகிர்ந்து, மஞ்சள் பட்டையில் ஓடி மறைந்த வரிகளைத் திரும்ப இழுத்துக் காட்டினாள்.

"சார் எனக்குப் போட்டுக்குடுத்த எழுத்து மேடம் இது. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஓடினது. நீங்களே படிச்சுக்குங்க. என் வாயால சொல்ல எனக்குக் கூசுது."

ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. அதெல்லாம் தன் இருமல் என்றும், மெஷின்தான் தப்பாக எழுதிவிட்டது என்றும் அவன் அவசர அவசரமாகச் சொன்னான். அதுவும் மஞ்சளில் தெளிவாக ஓடியது, ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.

பெரிய மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியா? சரி, இப்ப இருமுங்க. பாக்கலாம்."

அவன் இருமினான். எல்லோரும் பட்டையைப் பார்த்தார்கள். தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, மறுபடியும் மறுபடியும் இருமினான். பட்டையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

அவன் இன்னும் இருமிக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.